கோயில் மெட்டல் என்று யார் சொன்னது

அந்தப் பதிவை நான் வாசித்தது கச்சேரியில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில். எங்கள் ஊரில் மாவட்டச் செயலகத்தை இன்னும் கச்சேரி என்றுதான் சொல்வார்கள். உனக்குப் பகலில் ஒரு கச்சேரி, பின்னேரம் இன்னொரு கச்சேரி என்று கூட வேலை செய்கிறவர்கள் பகிடி பண்ணுவார்கள். பகலில் நான் காணிப் பிரிவில் கோப்புப் பார்க்கிறவள். பின்னேரத்தில் ஒரு மெட்டல் குழுவில் கிட்டார் அடித்துக்கொண்டு அடித்தொண்டையால் உறுமிப் பாடுகிறவள். பாட்டை மட்டும் கேட்டவர்கள், உறுமுவது ஒரு தாடிக்காரன் என்று நினைத்துக்கொண்டு வந்து, என்னைக் கண்டதும் என் தம்பியிடம் போய்க் கை கொடுப்பார்கள்.

குழுவில் நாங்கள் மூன்று பேர். பேஸ் கிட்டார் என் தம்பி. அவனுக்குச் சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் இருக்கிற இடத்தில் வேலை. ட்ரம்ஸ் அடிக்கிறவர் கிண்ணியாக்காரர், படகு எஞ்சின் திருத்துகிறவர், என்னைவிட நாலு வயது மூத்தவர். முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் கூப்பிடுகிறபடி நான் அவரை நானா என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். உட்துறைமுக வீதியில் மீன் வலை விற்கிற கடையொன்றின் பின் அறையில், சுவரெல்லாம் பழைய மெத்தைகளைச் சாத்திவைத்து, ஏழு வருடமாக அடித்துப் பழகினோம். எட்டாவது வருடம், தைப்பொங்கல் முடிந்த கையோடு, நாலு பாட்டை இணையத்தில் ஏற்றினோம்.

பதிவை எழுதியவர் அண்ணா. சொந்த அண்ணன் இல்லை, ஆனால் எங்கள் மூன்று பேருக்கும் அண்ணாதான். நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கிருந்தோ பாட்டுகளைப் பதிந்து கொண்டுவந்து, ஒவ்வொன்றுக்கும் இது த்ராஷ், இது டெத், இது டூம் என்று மெட்டலின் வகையை எழுதித் தந்தவர். வங்கியில் வேலை. தமிழ் பேசுகிற மெட்டல் ரசிகர்கள் கூடுகிற இணையக் குழுவொன்றை நடத்துகிறவரும் அவர்தான். அவர் நல்லது என்றால் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் கேட்பார்கள். வெளிநாட்டிலும் கேட்பார்கள்.

அவர் எழுதியிருந்தது இதுதான்: "இது டெத் மெட்டலும் இல்லை, டூம் மெட்டலும் இல்லை. இது கோயில் மெட்டல். இரண்டாவது பாட்டின் தாளத்தைக் கேளுங்கள். அது உடுக்கை. மலைக்கோயிலில் நூற்றாண்டுகளாக ஒலித்த உடுக்கை. அந்த உறுமல், சாமி வந்தவளின் உறுமல்."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சாமி வந்தவளாம். அந்த உறுமலைப் பழகுவதற்கு நான் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு இரண்டு வருடம் இருமியது எனக்குத் தெரியும், என் அம்மாவுக்குத் தெரியும்.

கீழே கருத்துகள் வந்து குவிந்திருந்தன. இது சுத்தமான டெத் மெட்டல், காதில்லாதவன்தான் வேறு சொல்லுவான் என்று ஒருவர். வேகம் இல்லை, ஆகவே டூம் என்று இன்னொருவர். லண்டனில் இருந்து ஒருவர், இதற்கு "போருக்குப் பிந்திய மெட்டல்" என்று பெயர் வைக்கவேண்டும் என்று நாலு பந்தி எழுதியிருந்தார். போரைப் பற்றி எங்களிடம் ஒரு வரிகூடக் கிடையாது. முதலாவது பாட்டு, பல்வலியைப் பற்றியது. ஒருவர், பாடுவது பெண் என்று அறிந்ததும், அப்படியென்றால் இது கோதிக் என்று முடிவுகட்டிவிட்டார். பெண் பாடினால் வகையே மாறிவிடுமா? எழுதவேண்டும் என்று விரல் துடித்தது. சோற்றுப் பார்சலை மடித்துப் போட்டுவிட்டுக் கோப்பைத் திறந்தேன்.

ஆனால் உண்மையைச் சொன்னால், அந்தச் சண்டை எனக்குப் பிடித்திருந்தது. நாங்களே அப்படிச் சண்டை பிடித்து வளர்ந்தவர்கள். மீன் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை. அங்கே அண்ணாவும் நானாவும் ஒரு நோர்வேக்காரக் குழு பிளாக் மெட்டலா இல்லையா என்று மூன்று மணித்தியாலம் வாதாடி, கடைசியில் நானா எழுந்து, தேத்தண்ணியோடு கடித்துக்கொண்டிருந்த பணிஸை அண்ணாவின் மேல் எறிந்திருக்கிறார். அடுத்த கிழமை இருவரும் அதே மேசையில் இருந்தார்கள். அந்தச் சண்டையில் யாருக்கும் காயம் இல்லை.

அன்று பின்னேரம் அறைக்குப் போனபோது நானா பதிவை வாசித்துவிட்டிருந்தார்.

"எப்பிடி நானா?"

"நல்லாத்தான் எழுதியிருக்கார்" என்றார். பிறகு ஒன்றும் பேசாமல் ட்ரம்ஸின் திருகுகளை இறுக்கிக்கொண்டிருந்தார். அவர் வாயாடி. பேசாமல் இருந்தால் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

இரண்டு கிழமையில் கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு பெரிய மண்டபத்தில் நிகழ்ச்சி, ஐந்து குழுக்கள். ஏற்பாட்டாளர் அண்ணாவின் பதிவை வாசித்தவர். "உங்களைக் 'கோயில் மெட்டல்' எண்டுதான் விளம்பரம் செய்யப்போறம்" என்றார். "மூண்டு பேரும் திருநீறு பூசிக்கொண்டு மேடைக்கு வந்தால் நல்லா இருக்கும். ட்ரம்ஸ் அடிக்கிறவர் வேட்டி கட்டுவாரோ? நடுவில ஒருக்கா உடுக்கையும் அடிச்சால் சனம் எழும்பிடும்."

நான் சொல்லியிருக்கவேண்டிய மறுமொழி ஒன்றுதான். அதைச் சொல்லவில்லை. "பாப்பம்" என்றேன். ஏழு வருடம் மெத்தைச் சுவருக்கு அடித்தவளுக்கு ஒரு மண்டபம் கிடைக்கப்போகிறது. அந்த ஆசையில் சொன்ன "பாப்பம்" அது. இன்றைக்கும் நினைத்தால் என் வாயில் நானே அறையவேண்டும் போலிருக்கிறது.

நானாவிடம் அதைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"எனக்கும் பூசவாமோ?"

"அப்பிடித்தான் கேட்டவர். நாங்கள் பூசத் தேவையில்ல. நான் கதைச்சுக்கொள்ளுறன்."

"கதைங்க, கதைங்க" என்றார். தன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிண்ணியாப் பாலத்தால் வீட்டுக்குப் போய்விட்டார். நான் கதைக்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று விட்டுவிட்டேன்.

விளம்பரப் படம் வந்தது ஒரு சனிக்கிழமை காலை. அண்ணாதான் இணையக் குழுவில் போட்டிருந்தார். மேலே திரிசூலம், கீழே எரிகிற விளக்கு. இடது பக்கம் நான், வலது பக்கம் தம்பி. நடுவில் ஒரு கோபுரம்.

அந்தப் படம் எடுத்த நாள் எனக்கு நல்ல ஞாபகம். வெள்ளிக்கிழமை. துறைமுகத்துக் கல்லணையில் நாங்கள் மூவரும் நின்றோம், நடுவில் நானா. ஜும்மாத் தொழுகை முடிந்து நேரே வந்தவர், தொப்பியைக் கழற்ற மறந்துபோனார். படம் எடுத்த பிறகுதான் தலையைத் தடவிப் பார்த்து, "அட, இது வேற" என்று சிரித்தார். அவரை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் கோபுரத்தை வைத்திருந்தார்கள். அவருடைய ஒரு தோள் முழுதாகப் போகவில்லை. என் கைக்குப் பக்கத்தில், கோபுரத்தின் அடியில், நீலச் சட்டையின் ஒரு துண்டு தெரிந்தது.

அந்த நீலத் துண்டைப் பார்த்தபோது எனக்குத் தலைக்குள் ஏதோ வெடித்தது. தம்பி "அக்கா, பொறு" என்று பின்னால் கத்தினான். நான் பொறுக்கவில்லை. சனிக்கிழமை காலையில் அண்ணா எங்கே இருப்பார் என்று தெரியும். தேத்தண்ணிக் கடைக்குப் போனேன்.

"இதப் பாத்தனீங்களா?" போனை மேசையில் வைத்தேன்.

"ஓம். வடிவா செய்திருக்கிறாங்கள்."

"நானா எங்க?"

அவர் போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அது விளம்பரம் தங்கச்சி. ஒரு படத்தில எல்லாத்தையும் போட ஏலாது."

"மூண்டு பேர்ல ஒராளப் போட ஏலாதா? கோபுரம் போட ஏலுது, திரிசூலம் போட ஏலுது."

"கொஞ்சம் மெதுவாக் கதை. நான் வேணுமெண்டு செய்யேல்ல. ஆனா ஒண்டு விளங்கிக்கொள்ளு. வகையெண்டு ஒரு பேர் இல்லாட்டி ஒருத்தரும் உங்களைத் திரும்பிப் பாக்காயினம். நான் அந்தப் பேரைத் தந்தனான். இப்ப கொழும்பு கூப்பிடுது."

"அந்தத் தாளத்த அடிச்சவர் நானா. அவருக்கும் உடுக்கைக்கும் என்ன சம்பந்தம்?"

அப்போது அவர் சொன்னதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. குரலை உயர்த்தவில்லை. பொறுமையாக, சின்னப்பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். "அவருக்குத் தெரியாமலே அது அவருக்குள்ள வந்திருக்கு. இந்த மண்ணில இருக்கிற சத்தம் அது. அடிக்கிறவனுக்குத் தான் என்ன அடிக்கிறன் எண்டு எப்பவும் தெரியாது. கேக்கிறவனுக்குத்தான் தெரியும்."

என்ன கத்தினேன் என்று முழுதாக ஞாபகம் இல்லை. "ஆளையும் வெட்டி, அவற்ற கையையும் வெட்டி எடுத்துக்கொண்டு போறீங்கள்" என்று சொன்னது ஞாபகம். கடையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வாசலில் மீன் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து நின்றார்கள். அண்ணா முகம் கறுத்துப்போய், தேத்தண்ணியைக் குடித்து முடிக்காமலே எழுந்து போனார்.

இதோடு நின்றிருந்தால் நான் நல்லவள். நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து, கோபம் ஆறமுதல், அண்ணாவின் இணையக் குழுவில் நானும் ஒரு பதிவு எழுதினேன். "அந்தத் தாளம் உடுக்கை இல்லை. அது பொல்லடி. கிண்ணியா முஸ்லிம்களின் பொல்லடி. எங்கள் ட்ரம்ஸ்காரரின் தகப்பன் பொல்லடி பழக்குகிற அண்ணாவியார். கோலாட்டம் போல வட்டமாக நின்று ஒருவர் பொல்லில் மற்றவர் தன் பொல்லால் அடிக்கும் அந்தக் கணக்குத்தான் எங்கள் இரண்டாவது பாட்டில் இருக்கிறது. தெரியாதவர்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள்." தன் வாப்பா கலியாண வீடுகளில் பொல்லடிக்கு ஆட்களை நடத்துகிறவர் என்று நானா எப்போதோ சொல்லியிருந்தார். அது எனக்குப் போதுமாக இருந்தது. எழுதி முடித்ததும் நெஞ்சு நிறைந்தது. நானாவுக்கு நீதி வாங்கிக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பின்னேரத்துக்குள் இணையக் குழு இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் கோயில் மெட்டல், மறுபக்கம் பொல்லடி மெட்டல். ஓம், அப்படியும் ஒரு வகை பிறந்துவிட்டது. முதலில் தாளக் கணக்கு எழுதினார்கள். பிறகு யார் முதலில் இந்த ஊருக்கு வந்தது என்று எழுதினார்கள். பிறகு எழுதியவற்றை நான் இங்கே எழுதமாட்டேன். இரண்டு பக்கமும் எழுதின. எங்கள் பாட்டை ஒருவருமே கேட்டிருக்கவில்லை என்றுகூடத் தோன்றியது.

திங்கட்கிழமை பத்து மணி போல, நானா கச்சேரிக்கு வந்தார். கையில் எஞ்சின் எண்ணெய் காயவில்லை. காணி அலுவலாக வந்து வரிசையில் நின்றவர்களைத் தாண்டி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். கதிரையைக் காட்டினேன். இருக்கவில்லை.

"தங்கச்சி, என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டீங்களா?"

"நானா, நான் உங்களுக்காகத்தான்..."

"கேட்டீங்களா, இல்லையா?"

"இல்ல."

"வாப்பா நேத்து பள்ளியில தொழுதிட்டு வரக்குள்ள நாலு பேர் மறிச்சுக் கேட்டிருக்காங்க. உங்கட பொல்லடிய உங்கட மகன் பேய்ப்பாட்டுக்கு அடிக்கிறானாமே எண்டு. எழுபது வயசு மனிசன். என்ன சொல்லுறதெண்டு தெரியாம வீட்ட வந்து குந்தியிருக்கார். நான் என்ன அடிக்கிறன் எண்டு அவருக்குத் தெரியும். அவருக்கும் எனக்கும் ஒரு கதை இருந்திச்சு: நீ உன்ர பாட்டுக்கு அடி, ஊருக்குள்ள கொண்டு வராத. இருபது வருசம் அதக் காப்பாத்தினன்."

வரிசையில் நின்றவர்கள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

"நான் வாழ்க்கையில பொல்லு தொட்டதில்ல. சின்ன வயசில விரல்ல அடி விழும் எண்டு பயந்து ஓடினவன். அந்தத் தாளம் எங்கயிருந்து வந்தது எண்டு உங்களுக்குத் தெரியாதா? நீங்க பக்கத்தில நிண்டீங்களே. கால் பெடலிட ஸ்பிரிங் உடைஞ்சது. புதுசு கொழும்பில இருந்து வரும் வரைக்கும் பொறுக்க ஏலாம, பழைய எஞ்சின் ஒண்டில இருந்த ஸ்பிரிங்கக் கழட்டிப் போட்டன். அது அளவுக்கு மிஞ்சின இறுக்கம். ஏழு அடி ஓடும், எட்டாவது அடிக்குக் கால் அத அமத்திறதுக்குள்ள பிந்திரும். நொண்டும். நான் பிழையெண்டு நிப்பாட்டினன். நீங்கதான் சொன்னீங்க, நானா இது நல்லாருக்கு, இப்பிடியே விடுங்க எண்டு."

அவர் சொல்லச் சொல்ல அந்தப் பின்னேரம் எனக்கு ஞாபகம் வந்தது. மழை. வலைக்கடைக்குள் தண்ணி ஒழுகியது. அவர் குனிந்து பெடலைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் சிரித்துக்கொண்டே "விடுங்க, விடுங்க" என்றேன். எல்லாம் நடந்த இடத்தில் நான் நின்றிருக்கிறேன். நின்றும், கோபத்தில் அதை ஒருமுறைகூட நினைத்துப் பார்க்கவில்லை. அண்ணா அவருக்கு ஒரு கோயிலைக் கொடுத்தார், நான் ஒரு பொல்லைக் கொடுத்தேன்.

"அந்த ஸ்பிரிங் என்ன சமயம் எண்டும் எழுதிப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று நான் பார்த்த கோப்புகளில் என்ன எழுதினேன் என்று தெரியாது.

பதிவை அழித்தேன். நடந்ததை நடந்தபடி எழுதினேன்: உடைந்த ஸ்பிரிங், எஞ்சின் ஸ்பிரிங், மழை, என் பிழை. மன்னிப்பும் கேட்டேன். அதை ஒருவரும் நம்பவில்லை. அடக்கத்துக்காகச் சொல்கிறார்கள் என்றார் ஒருவர். பயந்து சொல்கிறார்கள் என்றார் இன்னொருவர். அண்ணா ஒரே வரி எழுதினார்: "கலைஞனுக்குத் தன் வேர் எப்போதும் தெரிவதில்லை." அதற்குக் கீழே நான் எழுதியதை அவர் நீக்கினார். பிறகு என்னையும் குழுவிலிருந்து நீக்கினார்.

கொழும்பு ஏற்பாட்டாளரைப் போனில் எடுத்து, நாங்கள் வரவில்லை என்றேன். ஏன் என்று கேட்பார், திட்டுவார் என்று எதிர்பார்த்து, சொல்லவேண்டியதை எல்லாம் மனதில் அடுக்கி வைத்திருந்தேன். "சரி, வேற குழு ஒண்டு நிக்குது" என்று வைத்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பியும் நானும் கிண்ணியாவுக்குப் போனோம். நானா வேண்டுமென்றே வீட்டில் நிற்கவில்லை. அவருடைய தாய், உம்மா, தேத்தண்ணியும் இனிப்புத் தொதலும் கொண்டுவந்து வைத்தார். வாப்பா சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு முன் கதிரையில் இருந்தார். மெலிந்த ஆள், பெரிய கைகள்.

"என்ர பிழை வாப்பா. நான் கேக்காம எழுதிப்போட்டன்" என்றேன்.

அவர் தொதல் தட்டை எங்கள் பக்கம் தள்ளினார். பிறகு, "அந்தப் பாட்டப் போடு மகள்" என்றார்.

அந்த உறுமலை அந்த வீட்டுக்குள் எப்படிப் போடுவது? தம்பி போனை எடுத்துப் போட்டான். உம்மா காதைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போனார். வாப்பா தலையைச் சரித்து, விரலால் கதிரையின் கையில் தட்டிக்கொண்டு முழுவதும் கேட்டார். எட்டாவது அடியில் ஒவ்வொரு முறையும் அவர் விரல் முன்னுக்குப் போய்விட்டது. ஒவ்வொரு முறையும் முகத்தைச் சுளித்தார்.

பாட்டு முடிந்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. உண்மையான கோபம்.

"இதையா பொல்லடி எண்டு எழுதின? இது கணக்கே பிழை! இப்பிடி அடிச்சா பக்கத்தில நிக்கிறவன்ட விரல் முறிஞ்சு போயிரும். ஊரில நாலு பேர் என்ன நினைப்பாங்க? இவன்ட வாப்பா இப்பிடியா ஆட்டம் பழக்கினான் எண்டு நினைக்கமாட்டாங்களா?"

பேய்ப்பாட்டு என்பது அவருக்குப் பிரச்சினையாகவே இருக்கவில்லை. ஒரு பிழையான தாளத்துக்கு என் பதிவு அவருடைய பெயரை வைத்துவிட்டது என்பதுதான் பிரச்சினை. தம்பி சிரிப்பை அடக்கத் தொதலை வாய்க்குள் திணித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "ஓம் வாப்பா, பிழைதான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

நானா மூன்று மாதம் பழக வரவில்லை. நானும் தம்பியும் அறையில் போய் இருந்து, இரண்டு கிட்டாரை மட்டும் அடித்துவிட்டு வருவோம். ஆனி மாதத்தில் ஒரு நாள் வந்தார். ஸ்டூலில் இருந்தார். "ஒரு நிபந்தனை. என்னைப் பற்றி ஆர் என்ன கேட்டாலும், என்னட்டக் கேக்கச் சொல்லுங்க" என்றார். சரி என்றேன். அதற்கு மேல் நாங்கள் அதைக் கதைத்ததில்லை. முன்பு போலப் பணிஸ் எறிகிற அளவுக்கு இன்னும் வரவில்லை, ஆனால் வருகிறார், அடிக்கிறார்.

போன மாதம் புதிய பாட்டு ஒன்றை ஏற்றினோம். வகை என்று கேட்கிற கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை. தம்பி அதை டூம் என்கிறான், நானா ஒத்துக்கொள்ளவே இல்லை. இப்போதும் சண்டை நடக்கிறது. வேர்களை இழந்துவிட்டார்கள் என்று இணையக் குழுவில் எழுதுகிறார்களாம். எழுதட்டும்.

அண்ணாவுடன் நான் கதைப்பதில்லை. கடற்கரை வீதியில் எதிரே வந்தால் மற்றப் பக்கத்துக்குப் போகிறேன். அந்தக் கோபுரப் படத்துக்காக அவர் நானாவிடம் இதுவரை ஒரு சொல் வருத்தம் சொல்லவில்லை, அதைச் சொல்லும் வரை என் கோபம் போகாது. ஆனால் புதிய பாட்டில் மூன்றாவது நிமிடத்தில் ஒரு ரிஃப், திரும்பத் திரும்ப வருகிற கிட்டார்த் துண்டு, இருக்கிறது. அதை எந்தக் குழுவிடமிருந்து நான் எடுத்தேன் என்று இந்த ஊரில் கண்டுபிடிக்கக்கூடிய காது ஒன்றுதான் இருக்கிறது. அவர் கேட்டாரா என்று தம்பியின் போனை வாங்கிப் பார்க்கிறேன். நேற்றும் பார்த்தேன். அவர் ஒன்றும் எழுதவில்லை.